ஒற்றை நாற்காலிக் கட்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுபான்மையினர் தமக்கென்று தனிக்கட்சி வைத்துக்கொண்டால் ஒதுங்கித்தான் போவார்கள் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அயர்லாந்துக் குடியரசின் வடமேற்கு மூலையிலுள்ள டொனிகால் மாவட்டத்தில் வசிப்பவன் என்ற முறையில், இங்கே இருந்து மறைந்த ஒரு சிறு கட்சியை அவருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். டொனிகால் முற்போக்குக் கட்சி என்ற பெயரைக் கேட்டதும் இடதுசாரிகள் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் அது மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கத்தோலிக்கப் பெரும்பான்மைக்கு நடுவே பெரும்பாலும் உழவர்களாக வாழும் புராட்டஸ்டண்டு மக்களின் கட்சி. டொனிகாலுக்கு வெளியே அதற்கு வேலையும் இல்லை, ஆசையும் இல்லை.

அயர்லாந்தின் வடக்கு மாகாணமான அல்ஸ்டரில் 1609இல் தொடங்கிய குடியேற்றத்தில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து கிழக்கு டொனிகாலிலுள்ள லாகன் சமவெளியில் வேரூன்றியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்ற 1912ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அல்ஸ்டரின் ஒன்பது மாவட்டப் புராட்டஸ்டண்டுகளும் கையெழுத்திட்டார்கள். ஆனால் எட்டே ஆண்டுகளில், பிரிட்டனோடு இணைந்திருக்கப்போகும் வட அயர்லாந்துக்கு ஆறு மாவட்டங்கள் போதும் என்று, அந்த இணைப்பை விரும்பியவர்களின் அமைப்பான அல்ஸ்டர் யூனியனிஸ்டு மன்றம் முடிவெடுத்து, டொனிகால், கேவன், மோனகன் ஆகிய மூன்றையும் கைகழுவிவிட்டது. ஆகவே இந்தக் கட்சியை வட அயர்லாந்துக் கட்சிகளின் வால் என்று சொல்வது, கைவிடப்பட்டவர்களைக் கைவிட்டவர்களோடு சேர்த்து எண்ணுவதாகும். பிரிவினைக்குப் பின் டப்ளினில் கூடிய தெற்கு அயர்லாந்து நாடாளுமன்றத்தில் 1923 முதல் 1943 வரை மேஜர் மைல்ஸும், அதன்பின் 1961 வரை வில்லியம் ஷெல்டனும், பெரும்பாலும் சுயேச்சைகளாகவே இருந்து அம்மக்களின் குரலாக விளங்கினார்கள். அந்தக் குரலும் ஓய்ந்த பிறகு, மிஞ்சிய களம் லிஃபர்டிலுள்ள மாவட்ட மன்றம்தான். அங்கே இக்கட்சி ஓர் இடத்தைப் பிடித்திருந்தது.

எப்படிப் பிடித்தது என்பதில்தான் என் மறுப்பு இருக்கிறது. இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை, வசிப்பிடம் போதும் என்பதால், 2024 ஜூனில் இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கும் நானும் வாக்களித்தேன். வேட்பாளர்களின் படங்கள் வரிசையாக அச்சிடப்பட்ட அந்த நீண்ட சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. பென்சிலால் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். லெட்டர்கென்னி வட்டாரத்தில் ஏழு இடங்கள் என்பதால், செல்லும் வாக்குகளில் எட்டில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர் வென்றவராகிறார். வென்றவரின் மிகை வாக்குகளும் கடைசியில் நிற்பவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்குப் போய்ச் சேரும். நெருக்கமாக வாழும் ஒரு சிறு சமூகத்துக்கு இந்தக் கணக்கு போதுமானது. அதைவிட முக்கியமானது, வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பது. முதல் எண்ணைத் தம்மவருக்கே போடும் குடும்பத்தின் வாசலுக்கு, பெரிய கட்சிகளின் கத்தோலிக்க வேட்பாளர் இரண்டாம் எண்ணைக் கேட்டு வந்தாக வேண்டும். தனிக்கட்சிக்காரரும் மற்றவர்களின் மூன்றாம், நான்காம் எண்களுக்காகப் பகையில்லாமல் பேசியாக வேண்டும். இதில் ஒதுங்கல் எங்கே இருக்கிறது? நாடாளுமன்றத் தேர்தலிலும் உள்ள இந்த முறையை அங்கே ஒழிக்க அரசு இருமுறை பொதுவாக்கெடுப்பு நடத்தியது. 1959இல் சிறு வித்தியாசத்திலும் 1968இல் அழுத்தமாகவும் மக்கள் மறுத்துவிட்டார்கள்.

ஒற்றை உறுப்பினரால் என்ன சாதிக்க முடிந்தது என்று கேட்டால், அடக்கமாகத்தான் பதில் சொல்ல முடியும். மன்றத்தின் கையில் இருப்பவை சாலையும் வீட்டுவசதியும் கட்டட அனுமதியும் போன்றவையே. கலப்புமணத் தம்பதியின் பிள்ளைகள் கத்தோலிக்கராகவே வளர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை விதித்திருந்த நிபந்தனை அம்மக்களின் எண்ணிக்கையைத் தலைமுறைதோறும் அரித்தது. அதற்கு எந்த மன்றத்திலும் தீர்மானம் போட முடியாது.

கட்சி இன்று இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஜூலை 12க்கு முந்தைய சனிக்கிழமை டொனிகாலின் ரோஸ்னோலா கடற்கரையில், புராட்டஸ்டண்டு சங்கமான ஆரஞ்சு அமைப்பினரின் ஊர்வலம் நடக்கிறது. குடியரசில் அவர்கள் நடத்தும் ஒரே பெரிய ஊர்வலம் அது. நான் பார்த்த ஆண்டில், மேளக்காரர்கள் போன பாதையின் ஓரமாகவே கடலில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லெட்டர்கென்னி, அயர்லாந்து.