மண்டபத்திலிருந்து முருகேசுவுக்கு

மண்டபம்
ஐப்பசி, 2025

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே வாடைக்காற்று பிடித்துவிட்டது. வடகடல் கலங்கிக் கிடக்கிறது, தென்கடல் பக்கம் அமைதி. சின்னவனுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். பெண் தங்கச்சிமடம். நீ வராமல் நடக்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

பேத்தியின் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனதை எழுதியிருந்தாய். அது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. "நீங்க சிலோன்காரங்கதானே, எப்ப இந்தியாவுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்கள். உன் தாத்தாவின் பழைய தாளில் ராமநாதபுரம் ஜில்லா என்று இருக்கிறது, உங்கள் பூர்வீக ஊர் திருச்சுழியோ விருதுநகர் மாவட்டம், இது ஒத்துவராது என்றும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை, "அப்ப நாம எந்த ஊரு தாத்தா?" என்று கேட்டிருக்கிறாள். உனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வரலாறும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், அவளுக்குப் படித்துக் காட்டு.

உன் பூட்டன் தாது வருஷப் பஞ்சத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் புறப்பட்டவர் என்று உங்கள் அப்பா சொல்வார். 1876-லிருந்து 1878 வரை நீடித்த பஞ்சம் அது. திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் சில நாள்தான். மழை தப்பினால் கண்மாய் காயும், கண்மாய் காய்ந்தால் அடுப்பு எரியாது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனான். நம் கடற்கரை வரைக்கும் நடை, தோணியில் ஏறி மன்னாரில் இறக்கம், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு மறுபடி நடை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அன்று மலையில் காப்பித் தோட்டம். இலைநோய் வந்து காப்பி அழிந்த பிறகுதான் தேயிலை.

அவர் புறப்பட்டபோது திருச்சுழி மதுரை ஜில்லாவில் இருந்தது. 1910-ல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 1985-ல் அதையும் மூன்றாகப் பிரித்தார்கள், திருச்சுழி விருதுநகரோடு போனது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, முருகேசு. உன் தாத்தாவின் தாளில் ராமநாதபுரம் என்று எழுதியவரும் சரியாகத்தான் எழுதினார். இதை அந்த அலுவலகத்தில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆற்றாமை.

உன் தாத்தா காலத்தில் பயணம் சுலபமாகிவிட்டது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்தார்கள். எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், அப்புறம் கொழும்பு. தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். ஊருக்கு வந்து பெண் கட்டிக்கொண்டு திரும்பிய உன் தாத்தாவும் அங்கே படுத்திருந்துதான் போயிருப்பார். அப்போது இக்கரையை ஆண்டவனும் வெள்ளைக்காரன், அக்கரையை ஆண்டவனும் வெள்ளைக்காரன்.

இந்தியா 1947-ல் விடுதலையானது, இலங்கை 1948 பிப்ரவரியில். அந்த வருஷமே அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத்து மக்களை எந்த நாட்டுக்கும் சேராதவர்களாக ஆக்கிவிட்டது. பிறகு 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கச்சத்தீவு போனதும் அதே 1974-ல்தான். 285 ஏக்கர் மண் போனதைப் பற்றி இன்றைக்கும் மேடைதோறும் பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் உன் குடும்பத்தைப் போல லட்சக்கணக்கானவர்களைத் தலையெண்ணிப் பங்கு போட்டதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்து தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போய்விட்டது, ரயிலோடும் ஜனங்களோடும். அதனால்தான் 1972-ல் நீங்கள் வந்த கப்பல் ராமேஸ்வரத்தில் நின்றது.

நீ முதல்நாள் பள்ளிக்கூடம் வந்தது கண்ணுக்குள் நிற்கிறது. சித்திரை வெயிலில் நீலக் கம்பளிச் சட்டை. வலது கை முட்டியில் பச்சை நூலால் ஒட்டுத்தையல். உன்னிடம் இருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நீ டீயைத் "தேத்தண்ணி" என்றதும் வகுப்பே சிரித்தது. கீழக்கரையிலிருந்து வந்து படித்த நம் காதர்தான் எழுந்து, "எங்க வீட்லயும் தேத்தண்ணிதான்டா" என்றான். மறுவாரம் அவன் கொண்டுவந்த தொதலை நீ வாயில் போட்டுவிட்டு அழுதாய். தோட்டத்தில் நீங்கள் இருந்த வரிசை வீட்டில், அந்த லயத்தில், தீபாவளிக்குத் தொதல் வாங்குவீர்களாம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுகிற அந்தப் பண்டம் கீழக்கரையிலும் இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது, மலாய்க்காரர்களிடமும் இருக்கிறது. மரக்காயர்களின் கப்பல் போன வழியெல்லாம் இருக்கிறது. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று யார் சண்டை போட்டார்கள்?

போன மாதம் சம்பந்தி வீட்டாரோடு அரிச்சல்முனை போயிருந்தேன். சாலை முடிகிற இடத்தில் நிற்கும்போது என் கைபேசியில் இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி வந்தது. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன். முகாமில் இருந்த நாட்களில், சாயங்காலமானால் கடலைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருப்பார்.

"நீங்க எப்ப இந்தியாவுக்கு வந்தீங்க" என்று இனி யாராவது கேட்டால், பேத்தியே சொல்லட்டும்: திருச்சுழியிலிருந்து போனோம், திரும்பி வந்தோம், நடுவில் நாலு தலைமுறை மலையில் உழைத்தோம், இப்போது கூடலூர். மூன்றும் அவள் ஊர்தான். எதையும் மறைக்க வேண்டாம்.

கல்யாணத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. நாலு நாள் முன்னதாகவே வந்துவிடு. ஒருநாள் திருச்சுழி போய் அம்மனைக் கும்பிட்டு வருவோம். மறுநாள் பாம்பன் புதுப் பாலத்தில் ரயிலில் போய் வருவோம். காதரும் வருகிறான், தொதல் அவன் பொறுப்பு. நீ வரும்போது தேயிலைத்தூள் ஒரு கிலோ எடுத்து வா, இங்கே கிடைக்கிற தூளில் வாசனையே இல்லை.

அன்புடன்,
சேதுராமன்