பெயின்ட் அடிச்சா ஈரம் போகாதுங்க, தண்ணி ஓடுற கானைப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பண்டாரவளைப் பக்கம் மேசன் வேலை செய்றவன். கெம்பஸ் கெடச்ச புள்ளைங்க பதுளையிலயும் பேராதனையிலயும் போர்டிங் தேடி அலையுற நேரம் வந்தா வீட்டுக்காரங்களும் எங்களைக் கூப்பிட்டு "பாஸ், பின் ரூம் சுவர் ஈரம் அடிக்குது, ஒரு கோட் பெயின்ட் அடிச்சு விடுங்க, புள்ளைங்க வரப்போகுது"ன்னு சொல்லுவாங்க. இந்த வார்த்தையை வருசா வருசம் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுறேன், வீட்டுக்காரங்களும் வாசிக்கணும், வாடகைக்கு வர்ற புள்ளைங்களோட அப்பா அம்மாவும் வாசிக்கணும்னு ஆசை.

நம்ம மலைநாட்டுல சமதரையில வீடு கட்ட எடம் இல்ல. மண்மேட்டை வெட்டி எடம் எடுத்துத்தான் கட்டுறோம். முன்பக்கம் ரோட்டைப் பார்த்து வெளிச்சமா இருக்கும், பின்பக்கம் சுவரும் மண்மேடும் ஒட்டுனாப்ல இருக்கும், அந்தப் பின்பக்க ரூமுதான் எப்பவும் வாடகைக்கு வர்றவங்களுக்கு. மழை பெய்ஞ்சா மேட்டுல எறங்குற தண்ணி போக வழி இல்லாம சுவத்துக்குள்ளதான் வரும், கொஞ்ச நாள்ல சுவத்துல வெள்ளை உப்பு பூக்கும், பெறகு பூச்சு பொரிஞ்சு விழும், அப்புறம் கறுப்பா பூஞ்சணம் பிடிக்கும். அதுக்கு மேல நீங்க எவ்வளவு வெலை கூடுன வோட்டர் ப்ரூப் பெயின்ட் அடிச்சாலும் உள்ள இருக்குற தண்ணி அதைத் தள்ளிக்கிட்டு வெளிய வரும், அடுத்த மழைக்கே பொக்களம் போட்டு உரிஞ்சு விழும். காசு வாங்கிக்கிட்டு அடிச்சுக் கொடுக்குறது எங்களுக்கு லேசான வேலைதான், ஆனா பிரயோசனம் இல்லைன்னு தெரிஞ்சே செய்றதுக்கு மனசு வரல.

இதுல இன்னொரு சண்டையும் இருக்கு. வீட்டுக்கார அக்கா சொல்லுவாங்க, "புள்ளைங்க ரூமுக்குள்ள உடுப்பு காயப்போடுது, ஜன்னலத் தொறக்கிறதே இல்ல, ரைஸ் குக்கர்ல சமைக்குது, அதான் ஈரம்"னு. புள்ளைங்க சொல்லும் "இல்ல அக்கா, சுவருதான் கசியுது"ன்னு. ரெண்டு பேரு சொல்றதும் நடக்கக்கூடியதுதான், அதனால சண்டை புடிக்காம ஒரு வேலை செஞ்சு பாருங்க. ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு பொலித்தீன் துண்டை வெட்டி, சுவத்தை துணியால நல்லா தொடைச்சுட்டு, நாலு பக்கமும் காத்து போகாம டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. பொலித்தீனுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா தண்ணி சுவத்துக்குள்ள இருந்து வருது, அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய வேலை. ரூமைப் பார்த்த பக்கம் நனைஞ்சிருந்தா ரூம் காத்துல இருக்குற ஈரம் குளிர் சுவத்துல படியுது, அது உள்ள இருக்குறவங்க பழக்கத்தை மாத்த வேண்டிய வேலை. ரெண்டு பக்கமும் நனைஞ்சா ரெண்டு பேரும் வேலை செய்யணும். செலவு ஒரு டேப் காசுதான்.

உள்காத்து ஈரம்னா செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணுமில்ல. மழை நாள்லயும் காலையில கொஞ்ச நேரம் எதிர் எதிர் ஜன்னலத் தொறந்து விடணும், குளிருதுன்னு அந்தக் காலத்துல வச்ச காத்தோட்ட ஓட்டைகள பேப்பர் வச்சு அடைக்கக் கூடாது, அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவத்துல ஒட்டி வைக்காம நாலு விரல் எடம் விட்டு வைக்கணும். பூஞ்சணத்தை காஞ்ச துணியால தட்டாதீங்க, தூள் பறந்து நெஞ்சுக்குள்ள போகும், வீசிங் இருக்குற புள்ளைக்கு அது ரொம்ப கஷ்டம். மூக்கை வேற துணியால கட்டிக்கிட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில நனைச்ச துணியால தொடைங்க, ஆனா அதோட டொய்லட் அசிட்டோ வினிகரோ கலந்துறாதீங்க, வர்ற க்ளோரின் வாயு மூச்சைப் புடிச்சுரும்.

சுவத்துல இருந்து வர்ற தண்ணின்னா அதுக்கு மருந்து கான்தான். தேயிலை மலையில கான் வெட்டி மண்ணைக் காப்பாத்துனது நம்ம தாத்தா பாட்டன்மாருதான், எந்த எடத்துல எவ்வளவு சரிவு வைக்கணும், எங்க குழி வெட்டி மண்ணை மறிக்கணும்னு படிக்காமலே தெரிஞ்ச ஆளுங்க. அவங்க பேரப்புள்ளைங்க டவுன்ல ரெண்டு தட்டு வீடு கட்டுறோம், வீட்டுக்குப் பின்னால கான் இல்ல, இருந்தாலும் அதுக்குள்ள பழைய சீட்டும் வெறகும் சவர்க்காரப் பேக்கட்டும் கெடக்கு. மேட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு ஆள் எறங்கி சுத்தம் பண்ற அளவுக்காவது எடம் விடணுங்க. கானோட அடி வீட்டுத் தரையை விட அரை அடியாவது கீழ இருக்கணும், பத்தடிக்கு ஒரு இஞ்சியாவது எறக்கம் வேணும், சிமெந்து பூசி இருக்கணும், இல்லைன்னா கான்ல ஓடுற தண்ணியே அத்திவாரத்துக்குள்ள எறங்கும்.

தாங்கு சுவர் கட்டுனவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தச் சுவத்துல அங்கங்க ரெண்டு இஞ்சி பைப் துண்டு வச்சு பின்னால மெட்டல் கல்லு (உடைச்ச கருங்கல்லு) கொட்டித்தான் கட்டுறது, மண்ணுக்குள்ள சேர்ற தண்ணி அது வழியாத்தான் வெளிய வரும். பார்க்க அசிங்கமா இருக்கு, எலி வருது பாம்பு வருதுன்னு அந்த ஓட்டையை சிமெந்து வச்சு அடைச்சுறாங்க. அடைச்சா மண்ணோட பாரத்தோட தண்ணியோட பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும், அது எவ்வளவு கனமான சுவரா இருந்தாலும் வயிறு தள்ளி வெடிக்கும். பாம்புக்குப் பயம்னா கம்பி வலை வச்சு மூடுங்க, சிமெந்து வேணாம். மழை நாள்ல அந்த ஓட்டையில தண்ணி வருதான்னு போய்ப் பாருங்க, கொட்டுற மழையிலயும் ஒரு சொட்டும் வரலைன்னாதான் அடைபட்டுருக்கான்னு யோசிக்கணும்.

கூரைத் தண்ணியை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா ஒரு லீட்டர் தண்ணி. ஆயிரம் சதுர அடிக் கூரையில நூறு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒம்பதாயிரம் லீட்டருக்கு மேல வரும், ஆயிரம் லீட்டர் டேங்க் ஒம்பது. ஓரத்துல தண்ணியைப் புடிக்கிற பீலி இல்லாத கூரைன்னா இவ்வளவும் உங்க அத்திவாரத்து ஓரத்துலயே குத்தி விழுது. பீலி வச்சு, பைப் எறக்கி, கானுக்குள்ள விட்டு, அந்தக் கானை ரோட்டுக் கானுலயோ ஓடையிலயோ கொண்டு சேர்க்கணும். நம்ம எல்லைக்கு அங்கிட்டு விட்டாப் போதும்னு நெனைக்கிறோம், ஆனா மலையில நம்ம எல்லைக்கு அங்கிட்டு இன்னொருத்தர் வீட்டு மேடு இருக்கு, அவங்க புள்ளைங்க அதுக்குக் கீழ படுத்துத் தூங்குது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இந்த ஈரம் சுவத்தோட நிக்கிற விசயம் இல்ல. சுவத்துக்குள்ள வர்ற அதே தண்ணிதான் மேட்டையும் எறக்குது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில லயத்தோட (தோட்டத்து வரிசை வீடுகளோட) மண்ணுக்குள்ள போனவங்களை நாம மறக்கல, 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலுக்கு கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட பாட்டையும் கண்ணால பார்த்தோம். பெரிய மலை சரியுறதை நம்ம கானால நிப்பாட்ட முடியாதுதான், ஆனா வீட்டுக்குப் பின்னால வெட்டுன மேடு எறங்கி சமையக்கட்டோட ஆளை மூடுற சின்னச் சரிவுகள்ல எத்தனையோ தண்ணிக்கு வழி விட்டிருந்தா வராம இருந்திருக்கும்.

அதனால அடையாளம் தெரிஞ்சு வச்சுக்கங்க. மேட்டுல புதுசா வெடிப்பு, நேரா நின்ன மரமோ கரண்ட் போஸ்டோ சாயுறது, நேத்து வரைக்கும் ஒழுங்கா பூட்டுன கதவு இன்னைக்கு எறுகுறது, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கி வர்றது இல்ல அப்படியே நின்னு போறது, இதுல ஒண்ணு கண்டாலும் விடியட்டும் பார்ப்போம்னு இருக்காதீங்க. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூணு கட்டமா விடுது. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டுனா கவனமா இருக்கணும், 100 தாண்டுனா எறங்குறதுக்கு தயாரா இருக்கணும், 150 தாண்டுனாலோ ஒரே மணித்தியாலத்துல 75 பெய்ஞ்சாலோ வெளியேறணும். நேரான ஒரு டின்னை வெட்ட வெளியில வச்சு ஸ்கேல்ல அளந்தாலே ஓரளவுக்குத் தெரியும், 75 மில்லிமீட்டர்னா மூணு இஞ்சி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட நம்பர் 117, அதை புள்ளைங்க போன்ல போட்டுக் கொடுங்க.

ஈர ரூம்ல கரண்டும் பயமான விசயம். மழை நாள்ல ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுதுன்னு சொல்லி அதைத் தாண்டி வயர் இழுத்து விடுற ஆளுங்களைக் கண்டிருக்கேன், இது உயிரோட வெளையாடுற வேலை. 30 மில்லி அம்பியர் கசிஞ்சா விழுறதுக்குத்தான் அதை வச்சிருக்கு, அது விழுந்தா எங்கயோ ஈரத்துல கரண்ட் கசியுதுன்னு அர்த்தம், லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எங்கன்னு தேடுங்க. மாசத்துக்கு ஒருக்கா அதுல இருக்குற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, விழலைன்னா மாத்தணும். பாத்ரூம் ஷவர் ஹீட்டர் 3500 வோட்ஸ்னா 15 அம்பியருக்கு மேல இழுக்கும், சாதாரண 13 அம்பியர் பிளக்ல மல்டி பிளக் வச்சு மாட்டக் கூடாது, அதுக்குன்னு தனி லைனும் எர்த்தும் வேணும்.

குளிருக்கு கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சு கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குற பழக்கம் நுவரெலியாப் பக்கம் இன்னும் இருக்கு. கரியில இருந்து வர்ற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல நெறமும் இல்ல, தூக்கத்துலயே ஆளைக் கொண்டு போயிரும். கம்பளி இன்னொண்ணு வாங்கிக் கொடுங்க, கரி வேணவே வேணாம்.

போர்டிங் பார்க்கப் போற புள்ளைங்களுக்கும் ஒரு வார்த்தை. முடிஞ்சா மழை பெய்ஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. ஒரு சுவத்துல மட்டும், அதுவும் கீழ்ப்பாதி மட்டும் புது பெயின்டா இருந்தா ஏன்னு கேளுங்க. அலுமாரியை கொஞ்சம் நகத்திப் பின்னால பாருங்க, வீட்டைச் சுத்தி நடந்து மேட்டையும் கானையும் பாருங்க, வெட்கப்படாதீங்க, அட்வான்ஸ் கொடுக்குறது நீங்கதான். சாவி வாங்குற அன்னைக்கே ரூமை போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்ல அனுப்பி வைங்க, போகும்போது அட்வான்ஸ்ல வெட்டுறாங்கன்னு பிரச்சினை வந்தா அது பேசும். ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகைன்னா நொத்தாரிசு முன்னால எழுதணுங்கிறது 1840ஆம் வருசத்துல இருந்தே நம்ம நாட்டுச் சட்டம், வெறும் தாள்ல ஒரு வருசம்னு எழுதிக் கையெழுத்து வாங்கி வச்சு அதை நம்பி இருக்காதீங்க.

வீட்டுக்காரங்க எல்லாரும் மோசமானவங்கன்னு நான் சொல்ல வரல. நெறைய பேரு பேங்க் லோன் எடுத்துக் கட்டி, அந்த ரூம் வாடகையிலதான் லோன் கட்டுறாங்க. அவங்களுக்கு நான் சொல்றது, பெயின்டுக்கும் புட்டிக்கும் வருசா வருசம் போடுற காசை ஒருக்கா கானுக்கும் பீலிக்கும் போடுங்க, சுவர் காயட்டும், காஞ்ச பெறகு என்ன நெறம் வேணுமோ அடிச்சுக்கலாம். நேரத்தையும் பார்த்துச் செய்யணும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்கு மழை மே மாசம் தொடங்குறதுக்கு முன்னாலயும், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஒக்டோபர் மழைக்கு முன்னாலயும் கான் சுத்தமா இருக்கணும்.

லயத்துல இருக்குற நம்ம சனத்துக்கு இதெல்லாம் எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. வீடு அவங்க பேர்ல இல்ல, கானைத் தோட்டம் பார்க்கணும்னு அவங்களும், ஆள் இல்லைன்னு தோட்டமும் சொல்லிச் சொல்லியே லயத்துப் பின் கான் மண்ணால மூடிக் கெடக்கு. தோட்ட நிர்வாகங்கள் மழைக்கு முன்னால லயத்துப் பின் கானுக்கு ரெண்டு நாள் ஆள் போடணும், தலைவர்மாரு அதைக் கேட்டு வாங்கணும். பிரதேச சபைகளும் பிளானுக்கு ஒப்பம் வைக்கும்போது பின்பக்கக் கானும் அது போய்ச் சேர்ற எடமும் படத்துல இருக்கான்னு பார்க்கட்டும், கட்டி முடிஞ்ச பெறகும் ஒருக்கா நேர்ல வந்து பார்க்கட்டும்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ஒரு கோரிக்கை. மழைக் காலத்துல மண்சரிவு எச்சரிக்கையை உள்பக்கத்துல சின்னதா போடாம முதல் பக்கத்துல பிரதேச செயலகப் பிரிவுப் பேரோட, எந்தக் கட்டம்னு பெரிய எழுத்துல போடுங்க. தோட்டத்துக் கடையில ஒரே பேப்பரை பத்துப் பேர் வாசிக்கிறாங்க.

இப்படிக்கு,
மேசன் வேலை செய்யும் வாசகன்,
பண்டாரவளை.