கல்லறைத் திருநாளுக்கு முன் சவரிமுத்துவுக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்,
அக்டோபர் 20

அன்புள்ள சவரிமுத்துவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கே வீட்டாரும் பேரப்பிள்ளைகளும் நலமென்று உன் தங்கை சொன்னாள். மழை பிடித்துக்கொண்டது, தோட்டத்துப் பாலம் வழக்கம்போல் மூழ்கிவிட்டது. உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாதது சோம்பலால் அன்று. நீ கேட்ட கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதி அனுப்ப மனம் வரவில்லை.

உன் அம்மாவின் செபப் புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பழைய பெட்டியை ஒழித்தபோது கிடைத்ததாம். நீ வரும்வரை என்னிடம் இருக்கட்டும் என்று உன் தங்கை கொடுத்துவிட்டுப் போனாள். பின்னட்டையில் ரப்பர் ஒட்டுப்பால் கறை இன்னும் போகவில்லை. மனவல்லய செபங்கள் என்ற ஒருவரிச் செபங்கள் உள்ள பக்கத்தில், “என் இயேசுவே, இரக்கமாயிரும்” என்ற வரிக்கு எதிரே, பாவத்தின் தண்டனைக்குத் திருச்சபை தரும் தள்ளுபடியாக, “300 நாள் பலன்” என்று அச்சிட்டிருக்கிறது. அதன் ஓரத்தில் பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடுகள்; பக்கத்தின் அடிவரை போய், இடம் போதாமல் அடுத்த பக்கத்திலும் தொடர்கின்றன. எல்லாவற்றுக்கும் கீழே “அவருக்கு” என்று ஒரே ஒரு சொல். உன் அப்பா இறந்த பிறகு போட்ட கணக்கு என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அந்த நாள்களை 1967-இல் ரோமாபுரியே எடுத்துவிட்டதாமே, அப்படியானால் அம்மா எண்ணியதெல்லாம் வீண்தானா என்று கேட்டிருந்தாய். வீண் இல்லை. இதை நான் ஆறுதலுக்காக எழுதவில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் அந்த ஆண்டு எடுத்தது எண்ணிக்கையைத்தான், பலனை அல்ல. முந்நூறு நாள் என்றால், இறந்தவர்களின் ஆத்துமாக்கள் தூய்மைபெறும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் முந்நூறு நாள் கழிந்துவிடும் என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படி அன்று. ஆதித் திருச்சபையில் கனமான பாவம் செய்தவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எல்லார் முன்னிலையிலும் தவம் செய்ய வேண்டியிருந்தது. அப்படி முந்நூறு நாள் தவம் செய்தால் என்ன பயன் உண்டோ அதற்கு ஈடானது இந்தச் செபம் என்பதே அச்சடித்த அந்த எண்ணின் பொருள். மறுமையின் நாள்களை அளக்க நம்மிடம் அளவுகோல் கிடையாது என்பதால்தான், செபிப்பவரின் பக்தியும் அன்பும் எவ்வளவோ அவ்வளவு என்று திருச்சபை அதை விட்டுவிட்டது. அந்த அளவில் பார்த்தால், விடியற்காலை இருட்டில் பால்மரத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒற்றை வரியைச் சொல்லிக்கொண்டு நடந்த உன் அம்மாவுக்குக் குறை ஏது?

மன்னிப்புக் கிடைத்த பிறகு இன்னும் எதற்குத் தண்டனை என்பது உன் மருமகன் கேட்ட கேள்வி. நல்ல கேள்வி, அவரைக் கோபித்துக்கொள்ளாதே. பால்வெட்டில் கத்தி ஆழமாக இறங்கி மரத்தின் சதையில் பட்டுவிட்டால், கங்காணி மன்னித்தாலும் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும் என்பதை அவருக்குச் சொல். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் குற்றம் நீங்குகிறது. குற்றம் விட்டுச்சென்ற கோணல் நீங்க வேறு சிகிச்சை வேண்டும். அதைத்தான் அநித்திய தண்டனை என்கிறோம். அந்தக் கடனைத் தீர்க்க ஒருவரை ஒருவர் தாங்கலாம் என்பதே பலனின் அடிப்படை. கி.பி. 250-இல் ரோம மன்னன் தேசியுஸ் கிறிஸ்தவர்களை வதைத்த கலாபனையில் விசுவாசத்துக்காகச் சிறையில் கிடந்தவர்கள், பயந்து மறுதலித்தவர்களுக்காகப் பரிந்துபேசிக் கடிதம் கொடுத்தார்கள். தவத்தைக் குறைப்பதா என்பதை ஆயர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் கண்டிப்பாக நின்றார். ஒருவர் பட்ட பாடு இன்னொருவருக்கு உதவும் என்ற இந்த நம்பிக்கையைத்தான் “அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிறேன்” என்று உபதேசியாரின் பிரம்புக்குப் பயந்து நாம் ஒப்பித்தோம். உனக்கு அந்த வரியில்தான் எப்போதும் நாக்குப் புரளும்.

பலனைப் பணத்துக்கு விற்றார்களே என்றும் உன் மருமகன் கேட்டிருந்தார். விற்றார்கள், அதை மறைக்கக் கூடாது. பேதுரு பேராலயக் கட்டுமானத்தின் பெயரால் ஜெர்மனியில் தெத்சல் என்ற துறவி வசூலித்த பணத்தில் பாதி, மைன்ஸ் பேராயரின் கடனை அடைக்கப் போனது. 1517-இல் லூத்தர் எதிர்த்து எழுந்தது அதனால்தான். ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் அந்த இழிவைக் கண்டித்தது. திருத்தந்தை ஐந்தாம் பியுஸ் 1567-இல் பணம் கேட்கும் பலன்களை எல்லாம் நீக்கினார். இன்று பலனுக்கு ஒரு காசும் கிடையாது.

இனி நான் உண்மையில் எழுத வந்ததைச் சொல்கிறேன். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குச் சென்று, மனத்துக்குள்ளாவது இறந்தோருக்காகச் செபித்தால், நாளொன்றுக்கு ஒரு பரிபூரண பலனை, அதாவது தண்டனை முழுவதையும் நீக்கும் பலனை, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் ஒன்று எட்டு நாளைக்கும் போதும். நற்கருணை வாங்குவதும் திருத்தந்தையின் கருத்துக்காகச் செபிப்பதும் அந்தந்த நாளுக்குத் தனித்தனியாக வேண்டும். ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னால் போதும். இவை எல்லாம் எளிது. கடினமானது இன்னொன்று: எந்தப் பாவத்தின்மீதும், அற்பப் பாவத்தின்மீதுகூட, பற்று இருக்கக் கூடாது. அது இருந்தால் பலன் பரிபூரணமாகாது. ஒரு பகுதி மட்டுமே கிடைக்கும்.

சவரி, உன் தம்பி ஒவ்வோர் ஆண்டும் செம்பனைக்குள் நடந்துபோய் அம்மாவின் கல்லறையைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடிக்கிறான். அவன் வருவான் என்பதற்காகவே நீ வருவதில்லை. வீட்டு விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப் போவதில்லை. நியாயம் உன் பக்கமே இருக்கட்டும். ஆனால் அந்தக் கசப்பை விடாமல் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு எதை முழுமையாகக் கொடுக்க முடியும்? அவர் உன் அப்பாவுக்காக இவ்வளவு கோடுகள் போட்டார். அவருக்காகக் கோடு போட நீங்கள் இருவர்தானே இருக்கிறீர்கள்?

நீ வராவிட்டாலும் நான் போவேன், அம்மாவுக்காக ஒப்புக்கொடுப்பேன். இறந்தவருக்காக யாரும் பெறலாம். உயிரோடிருக்கும் இன்னொருவருக்காகப் பலன் பெற எனக்கு உரிமை இல்லை. உனக்காக நான் செபிக்கலாம், அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நீயேதான் முழந்தாளிட வேண்டும். சனிக்கிழமை மாலைப் பூசைக்கு அரைமணி முன்னதாகவே பாதர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

எங்கள் வீட்டிலேயே தங்கலாம். தம்பியிடம் நான் சொல்லிவைக்கட்டுமா, நீயே சொல்கிறாயா? இதற்கு மட்டுமாவது உடனே பதில் எழுது.

உன் அன்பு நண்பன்,
அந்தோணி