மனத்திடம் இல்லாதவர்களா எங்கள் பிள்ளைகள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக மாணவர்களுக்கான வாழ்க்கைத் திறன் செயலமர்வு ஒன்றைப் பற்றிக் கடந்த வாரம் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். 'இக்காலப் பிள்ளைகளுக்கு மனத்திடம் இல்லை' என்று பிரதம விருந்தினர் சொன்னதையே தலைப்பாக்கியும் இருந்தீர்கள். நெடுங்காலமாகத் தங்கள் பத்திரிகையை வாசிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்த மண்டபத்தில் இருந்த ஒரு மாணவியிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டின் பின்பக்க அறைகளில் மாணவிகள் தங்கிப் படிக்கிறார்கள். வன்னிப் பிள்ளைகளில் சிலர் 2009இல் தாயின் இடுப்பில் இருந்தபடி முள்ளிவாய்க்காலைக் கடந்தவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்கும் மாதக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள். மகாபொலப் புலமைப்பரிசில் பணம் பிந்தினால் இரவில் பாணும் சம்பலும்தான். காலையில் தலைவாரிக்கொண்டு விரிவுரைக்குப் போய்விடுவார்கள். இவர்களுக்கா மனத்திடம் இல்லை?

முதலாம் வருட மாணவி ஒருத்தி கைத்தொலைபேசி அடித்தால் சோற்றுக் கையோடு எழுந்து நின்று, சுவரைப் பார்த்தபடி 'ஓம் அண்ணா, ஓம் அண்ணா' என்பாள். சிரேஷ்ட மாணவர்கள் அழைத்தால் இருந்தபடி பேசக்கூடாதாம். நள்ளிரவிலும் அழைப்பார்கள். புதிய மாணவர்களைச் சிரேஷ்ட மாணவர்கள் இப்படி வதைக்கும் பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சட்டம் இருந்தும் அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்து நிற்கிறாள்.

அவளும் ஒரு செயலமர்வுக்குப் போனாள். சான்றிதழும் குழுப் படமும் கிடைத்தன. உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்தது. மன அழுத்தத்தைச் சமாளிப்பதும் பிறர் துயரை உணர்வதும் அவற்றுள் அடங்கும். சிறு குழுக்களாகப் பேசி, நடித்து, பழகிப் பெற வேண்டியவை அவை. நூற்றுக்கணக்கானோரை ஒரே மண்டபத்தில் இருத்தி உரையாற்றினால் வந்துவிடுமா? அதன்பின் அவள் உளவளத்துணையாளரைத் தேடிப் போனாள். அறைக்கு எதிரே அந்த அண்ணாமார் நின்றதால் கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டாள். பிறர் துயரை உணரும் பயிற்சி முதலில் அவர்களுக்கல்லவா வேண்டும்?

1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கியது. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததே அதற்குப் பெருங்காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மனத்திடம் பற்றிய உரைகள் காப்பாற்றாத உயிர்களை அந்தத் தடை காப்பாற்றியது.

தங்கள் பத்திரிகை மீதும் எனக்கு ஆறாத மனத்தாங்கல் உண்டு. மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் அவருடைய படம், இறந்த விதம், எழுதிவைத்த கடிதம் எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அதே துயரில் உழலும் இன்னொரு பிள்ளையும் அதை வாசிக்கிறாள் என்ற எண்ணம் தங்கள் மேசையில் எவருக்கும் வரவில்லையா?

இனியாவது அந்த விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தை நாள்தோறும் ஒரு சிறு பெட்டியில் அச்சிடுங்கள். இராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டாலும் போதும், பிள்ளைகள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.