வேலூர் பிரவுசிங் சென்டர்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி வட்டாரத்தில் பிரவுசிங் சென்டரும் இ-சேவை மையமும் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் உங்கள் கடைகளில் நிற்க இடம் இருக்காது. இன்ஜினியரிங் விண்ணப்பம், கலைக் கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, பட்டா நகல், நடுவில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த வங்காளக் குடும்பத்துக்கு ஊர் திரும்ப ரயில் டிக்கெட். வருகிறவர்கள் ஆதார் அட்டையையும் பணத்தையும் உங்களிடம் நீட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். திரையில் என்ன ஓடுகிறது என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் கலெக்டருக்கு மனு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். கூகுளில் பெயரை அடித்து, முதலில் வருவதை அப்படியே திறக்காதீர்கள். முகவரியைப் படித்துவிட்டுத் திறங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனார். கடைக்காரப் பையன் 'பாஸ்போர்ட் அப்ளை' என்று அடித்ததும் மேலே வந்தது ஒரு விளம்பரம். 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், யார் பார்க்கிறார்கள்? மூவர்ணம், சிங்க முத்திரை எல்லாம் அமர்க்களமாக இருந்ததாம். படிவம் நிரப்பி, பணம் கட்டி, ரசீதும் கையில் வந்துவிட்டது. நேர்காணல் தேதி மட்டும் வரவே இல்லை. ரசீதை என்னிடம் காட்டினார். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். இவர் அதற்கு மேல் ஆயிரம் சொச்சம் கட்டியிருந்தார். அடியில் இருந்த முகவரியில் 'பாஸ்போர்ட்' இருந்தது, 'இந்தியா' இருந்தது, அரசுத் தளத்துக்கு அடையாளமான 'கவ்' மட்டும் இல்லை. உண்மையான தளம் 'பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன்'. 'அப்ளைபாஸ்போர்ட் டாட் ஆர்க்', 'பாஸ்போர்ட்-சேவா டாட் இன்' போன்றவை போலி என்று வெளியுறவுத் துறையே பட்டியல் போட்டு எச்சரித்திருக்கிறது.

நான் தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடிதக் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்ததும் எங்கள் கண் போவது கடைசி வரிக்கு, பின்கோடுக்கு. பெயரும் கதவு எண்ணும் அப்புறம்தான். இணைய முகவரியையும் அப்படியே பின்னாலிருந்து படிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டை ஸ்லாஷை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றை ஸ்லாஷ் எங்கே என்று பாருங்கள். அதற்குச் சற்று முன்னால் இருப்பதுதான் உரிமையாளர் யார் என்று சொல்லும் இடம். அதற்கும் முன்னால் புள்ளி வைத்து எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, 'டிஎன் டாட் கவ் டாட் இன் டாட் மகளிர்உதவி டாட் காம்' என்று ஒருவன் வைத்தால், அந்தத் தளம் 'மகளிர்உதவி டாட் காம்' வாங்கியவனுடையது. தமிழக அரசுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது என்று போனை நீட்டுகிறவர்களுக்கு இதை ஒரு தடவை காட்டிவிட்டால் போதும். அதன் அசல் முகவரி 'கேஎம்யூடி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்'.

'கவ் டாட் இன்' அரசு அலுவலகங்களுக்கு மட்டும் கிடைக்கும். 'டாட் காம்', 'டாட் ஆர்க்', வெறும் 'டாட் இன்' மூன்றையும் பணம் கட்டினால் யாரும் வாங்கலாம். 'ஆர்க்' என்று முடிந்தால் தர்ம ஸ்தாபனம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, கவ் இல்லாததெல்லாம் போலி என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் அரசே நம் காலை வாருகிறது. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான அசல் தளம் 'டிஎன்இஏஆன்லைன் டாட் ஆர்க்'. அரசு கலைக் கல்லூரிக்கு 'டிஎன்ஜிஏஎஸ்ஏ டாட் இன்'. ரயில் டிக்கெட்டுக்கு 'ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்'. எல்லாவற்றையும் கவ்வின் கீழ் கொண்டுவர என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. நம் ஊர் சி.எம்.சி. விஷயம் வேறு மாதிரி. அதன் தளம் 'சிஎம்சிஎச்-வேலூர் டாட் ஈடியூ'. 2001க்குப் பிறகு ஈடியூ புதிதாகக் கிடைப்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். முன்பே வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆகவே அதே பெயரை 'டாட் காம்' போட்டு எவனாவது வைத்திருந்தால் கிட்டவே போகாதீர்கள். டாக்டர் அப்பாயின்மென்ட்டுக்கு ஆயிரம் மைல் தாண்டி வருகிறவர்களின் பணம் அது.

வங்கிகளில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கித் தளங்களும் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த முடிவு வங்கி அல்லாதவர்களுக்குக் கிடைக்காது.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதோடு அதன் வேலை முடிந்தது. எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும்தான். குரோம் 2023ல் பூட்டையே எடுத்துவிட்டது.

முகவரி புதிதாக இருந்தால் 'ஹூ இஸ்' தேடலில் போட்டுப் பாருங்கள், எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள் என்று வரும். '25 வருட சேவை' என்று போட்டுக்கொண்ட தளம் போன மாதம் பிறந்திருக்கும். தொடர்புக்கு ஒரு செல் நம்பரும் ஜிமெயிலும் மட்டும் இருந்தால் எனக்கு அதுவே போதும், மூடிவிடுவேன். கட்டணம், கடைசித் தேதி மாதிரி விஷயங்களுக்கு, அந்தப் பக்கத்தில் வெளியிட்ட தேதியே இல்லை என்றால் போன வருடத்து அறிவிப்பாகவும் இருக்கலாம்.

பணம் போய்விட்டால் வாடிக்கையாளரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் கடையிலிருந்தே 1930க்குப் போன் போடச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்'னிலும் புகார் பதியலாம்.

நீங்கள் அடிக்கடி திறக்கும் தளங்களின் முகவரிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்து, மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வேலைக்குப் புதிதாக வரும் பையன் அதைப் பார்த்து அடிக்கட்டும். பணம் கட்டும் முன் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி முகவரியைக் காட்டட்டும். ரேஷனுக்கு 'டிஎன்பிடிஎஸ் டாட் கவ் டாட் இன்', பட்டாவுக்கு 'இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்', பத்திரப் பதிவுக்கு 'டிஎன்ரெஜிநெட் டாட் கவ் டாட் இன்' என்று ஒரு பட்டியல் ஆங்கிலத்திலேயே தயாராக வைத்திருக்கிறேன். விடுபட்டது எது என்று உங்களுக்குத்தான் தெரியும். சொன்னால் சேர்த்து, அச்சடித்து, கடை கடையாகக் கொண்டுவந்து தருகிறேன். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
காட்பாடி