வாடகை வண்டி எடுக்கும் மகளுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். நீ நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய செய்தியை அண்ணன் காட்டினான். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் வருகிறாய், விமான நிலையத்திலேயே காரை வாடகைக்கு எடுக்கிறாய், உம்லாங்காவில் தங்குகிறாய், அழைத்துப்போக யாரும் வர வேண்டாம் என்கிறாய். மூன்றே வரி. நீ எங்கே தங்குகிறாய் என்பதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் புது மெத்தை போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். இந்தக் கடிதம் வண்டியைப் பற்றியது. கைப்பேசியில் எனக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத வராது என்பதால் தாளில் எழுதுகிறேன்.

முதலில், பதிவு செய்யும்போதே கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டும் என்று தெளிவாகக் கேள். இங்கே வாடகை குறைந்த சிறிய வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. அதுவும் இடக்கையால் மாற்ற வேண்டும். நம் தெருவின் ஏற்றம் உனக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூடத்துக்குக் கீழே வளையும் இடத்தில், பின்னால் ஒரு மினிபஸ் டாக்சி முட்டிக்கொண்டு நிற்க, கிளட்சையும் பிரேக்கையும் வைத்துக்கொண்டு நீ திண்டாடுவதை நினைத்தால் எனக்கு உறக்கம் வரவில்லை. கூடுதலாகச் சில நூறு ராண்ட் ஆனாலும் பரவாயில்லை, ஆட்டோமேட்டிக்காகவே எடு.

உன் கனடா லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதாலும், அதில் படமும் கையெழுத்தும் இருப்பதாலும் இங்கே செல்லும். ஆனாலும் சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கேட்கின்றன, அதனால் அங்கிருந்தே அதை வாங்கிக்கொண்டு வா. முன்பணத்தை உன் பெயரிலுள்ள கிரெடிட் கார்டிலிருந்துதான் பிடித்து வைப்பார்கள். காப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுமுன் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதமும் அதில் அடங்குமா என்று கேள். பெரும்பாலும் அவற்றுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். என்2 சாலையில் லாரிகளின் பின்னால் போனால் கல் தெறித்துக் கண்ணாடியில் விரிசல் விழுவது சாதாரணம். வண்டியை எடுக்குமுன் நான்கு பக்கமும் சுற்றி வந்து, இருக்கும் கீறல் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள். மாற்று டயரும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று வண்டியின் பின்பெட்டியைத் திறந்து பார். அவசரப்படுத்தினாலும் விடாதே. உன் அம்மா துணிக்கடையில் புடவையை விரித்துப் பார்ப்பாளே, அதுபோல் பார்.

நீ அங்கே வலப்பக்கம் ஓட்டிப் பழகியவள். வண்டி ஓட்டக் கற்றதே அங்கேதான். டர்பன் சாலையில் ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. நெரிசலில் முன்னே போகும் வண்டியைப் பின்பற்றிப் போய்விடலாம், அதில் எனக்குக் கவலையில்லை. ஆள் அரவமில்லாத தெருவில், கடை வளாகத்தை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு முறையும் "இடம், இடம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள். வட்டச் சந்திப்பில் உனக்கு வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழி விட்டு, கடிகார முள் சுற்றும் திசையில் போக வேண்டும். சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பிக்கொள்ள உங்கள் ஊரில் விடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தாய். இங்கே அதைப்போல் இடப்பக்கம் திரும்பிவிடாதே. ரோபோ, அதாவது சாலை விளக்கு, சிவப்பாக இருந்தால் நிற்க வேண்டியதுதான். மின்சாரம் நின்று ரோபோவே அணைந்திருந்தால் அந்தச் சந்திப்பை நாற்புறமும் நிறுத்திப் போகும் சந்திப்பாகக் கொள்ள வேண்டும், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். சட்டம் அதுதான், ஆனால் டாக்சிக்காரர்கள் எல்லோரும் அதன்படி நடப்பார்கள் என்று நம்பாதே. அவர்கள் பயணி கை நீட்டிய இடத்தில் நிறுத்துவார்கள், நிறுத்திய இடத்திலிருந்து பார்க்காமல் எடுப்பார்கள். டாக்சிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு வண்டி இடம் விட்டுப் போ.

வழியைச் சொல்லிவிடுகிறேன். நீ புறப்பட்டுப் போன பழைய விமான நிலையம் நம் வீட்டிலிருந்து கால்மணி நேரம். 2010 மே மாதம் அதை மூடி வடக்கே லா மெர்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நம் வீடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வெளியே வந்ததும் என்2 சாலையில் தெற்கே திரும்பு. வடக்கே போனால் டொங்காட் சுங்கச்சாவடி வந்துவிடும். உம்லாங்காவுக்கு கேட்வே கடை வளாகத்தை ஒட்டி இறங்குவது எளிது. அங்கிருந்து வீட்டுக்கு வருவதில்தான் கவனம் வேண்டும். உம்கேனி ஆற்றைக் கடந்த பிறகு, என்2வும் என்3வும் பாலத்துக்கு மேல் பாலமாகப் பின்னிக்கிடக்கும் ஸ்பகெட்டி ஜங்ஷன் வரும். துறைமுகத்துக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போகும் லாரிகளெல்லாம் அங்கேதான் தடம் மாறுகின்றன. நீ எந்தப் பக்கமும் இறங்காமல் தெற்கு என்ற பலகையையே பார்த்துக்கொண்டு வா. ஹிக்கின்சன் ஹைவே என்ற பலகை கண்ணில் பட்டதும் இடப்பக்கத் தடத்துக்கு வந்து இறங்கு. அதற்கு மேல் உனக்குத் தெரியும். ஃப்ரீவேயில் 120 வரை போகலாம், ஊருக்குள் 60. சாலை வேலை நடக்கும் இடங்களில் பலகையில் உள்ள வேகம்தான். கேமரா பிடித்தால் அபராதத்தை வாடகை நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து உன் கார்டில் எடுத்துக்கொள்ளும்.

மிசிசாகாவில் பனி கொட்டும்போதும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வருகிறவளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்று அண்ணன் சொல்கிறான். லைசென்ஸ் வாங்கிய அன்று அதைக் கையில் பிடித்தபடி நீ அனுப்பிய படம் இன்றும் என் மேசையில் இருக்கிறது. தமிழ்ப் பாடசாலைக்கு எடுத்துக்கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினேன். உன்னிடம் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நீயும் அதன் பிறகு இரண்டு மாதம் எழுதவில்லை.

வண்டியைப் பூட்டியதும் கைப்பிடியைக் கையால் இழுத்துப் பார். ரிமோட்டின் சைகையைத் தடுக்கும் கருவியோடு வண்டி நிறுத்தும் இடங்களில் திருடர்கள் நிற்கிறார்கள். பொத்தானை அழுத்திவிட்டுப் பூட்டிவிட்டோம் என்று நினைத்துப் போவாய், கதவு திறந்தே இருக்கும். கைப்பையை இருக்கையில் வைக்காதே, புறப்படும் முன்பே பின்பெட்டியில் வைத்துவிடு. போய் இறங்கிய இடத்தில் எல்லோரும் பார்க்கப் பின்பெட்டியைத் திறந்து வைப்பதில் பயனில்லை. ரோபோவில் நிற்கும்போது முன் வண்டியின் பின்டயர் தெரியும் அளவுக்கு இடம் விட்டு நில், விலகிப் போக வழி இருக்கும். பெட்ரோலை நீயே இறங்கிப் போட வேண்டாம், பெட்ரோல் போடும் கராஜில் ஆள் வந்து போடுவார். அவருக்கு 5 அல்லது 10 ராண்ட் கொடு. ஃப்ரீவேயில் உன் பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிட மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒதுங்குவது இங்கே வழக்கம், அவரும் விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வார். நீ ஒதுங்காதே. அந்த ஓரத்தில் ஆட்கள் நடந்துபோகிறார்கள், இருட்டில் தெரியாது.

இரவில் ஓட்டாதே. ஏப்ரலில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வீட்டுக்கு வருவதென்றால் பகலில் வா, சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்கெல்லாம் கிளம்பு. எனக்குக் கண் அறுவை நடந்த பிறகு எதிரே வரும் விளக்கு பூப்போல விரிகிறது, இரவில் நான் வண்டி எடுப்பதில்லை, அந்தப் பயத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உனக்காகத்தான் எழுதுகிறேன். கைப்பிடியை இழுத்துப் பார்ப்பதை மறக்காதே. இரவில் ஓட்டாதே.

இரவு என்று எழுதினாலே 2005 ஆம் ஆண்டில் அம்மா விழுந்த இரவு வந்து நிற்கிறது. நாம் இருவரும் இன்றுவரை அதைப் பேசியதில்லை. அண்ணனுக்குப் பதினேழு வயதில் லேர்னர்ஸ் லைசென்ஸ் கிடைத்த வாரமே, பிராஸ்பெக்டனில் செய்த நம் வெள்ளைக் கொரோலாவை ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுபோய் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். நீ தண்ணீர்ப் புட்டியோடு வேலியோரம் நின்று பார்த்தாய். உனக்குப் பதினேழு ஆனபோது கேட்டாய். பெண்பிள்ளைக்கு எதற்கு, கட்டிக்கொள்பவன் ஓட்டுவான் என்றேன். இன்னும் இரண்டு முறை கேட்டாய். அடுத்த வருஷம் என்றேன். அதன் பிறகு நீ கேட்கவில்லை, நானும் நிம்மதியாக இருந்தேன்.

அன்று நான் ஜேக்கப்ஸில் இரவுப் பணியில் இருந்தேன், அண்ணன் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தான். வண்டி முற்றத்தில் நின்றது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. சாவி சமையலறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. நீ எதிர்வீட்டு மாமாவை எழுப்பினாய், அவருடைய பேக்கி வண்டி கிளம்பவில்லை. அடுத்த தெருவுக்கு வெறுங்காலோடு ஓடினாய். அம்மா மருத்துவமனை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. விடிந்ததும் நான் வந்தபோது நீ சுவரோரம் நின்றிருந்தாய். "இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. உன் கை மூடியிருந்தது. நர்ஸ் தண்ணீர் கொடுத்தபோது விரித்தாய், அதில் கொரோலாவின் சாவி இருந்தது, அதன் பற்கள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஆணியிலிருந்து எடுத்து, வண்டியில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அதைப் பார்த்த பிறகும் நான் கேட்டதைத் திரும்பப் பெறவில்லை.

அம்மாவின் வலக்கை கடைசிவரை எழவில்லை. இடக்கையால் சோறு பிசைந்துகொண்டே ஒரு நாள், "பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருக்கலாம்" என்றாள். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன். குற்றம் என்னுடையது, மகளே. நீ ஓடிய ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஓட்டத் தெரியாதவளாக உன்னை அந்த வீட்டில் வைத்திருந்தவன் நான், பிறகு அந்தப் பழியை உன் தலையிலேயே போட்டவனும் நான். 2019 இல் அம்மாவின் காரியத்துக்கு நீ வந்திருந்த ஒன்பது நாளும் சொல்ல நினைத்தேன். அண்ணன் உன்னை வண்டியில் கொண்டுபோய் விடும்போது, சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

இனி வண்டிக்கு வருகிறேன். ஒப்பந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே ஓட்ட வேண்டும், வேறொருவர் ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு நிற்காது. அதனால் அண்ணன் கேட்டாலும் சாவியைக் கொடுக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே. பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு நீ கூட்டிப்போனால் வருகிறேன். வண்டி நிறுத்த இடம் கிடைக்க வேண்டுமானால் விடியற்காலையிலேயே போக வேண்டும், அந்த வாரம் சாலையெங்கும் போலீஸ் நிறுத்திச் சோதிப்பார்கள், லைசென்ஸைக் கையிலேயே வைத்துக்கொள்.

வீட்டு வாசலை அளந்து பார்த்தேன், சிறிய வண்டி தாராளமாக நுழையும். என் வண்டியை அண்ணன் வீட்டில் விட்டுவிடுகிறேன், முற்றம் உனக்குத்தான். வண்டியின் மேல் உரசாமலிருக்கக் கறிவேப்பிலை மரத்தின் தாழ்ந்த கிளையையும் வெட்டியாயிற்று. கேட் திறக்கும்வரை தெருவிலேயே நில், வண்டியின் மூக்கை உள்ளே நுழைத்து வைத்துக்கொண்டு காத்திருக்காதே. பின்னால் யாராவது மறித்துவிடுவார்கள். நீ கிளம்பும்போது கைப்பேசியில் ஒரு மணி அடித்துச் சொன்னால் நான் கேட்டருகே நிற்பேன்.

விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று மட்டும் எழுது. நான் வர மாட்டேன். இருட்டிய பிறகு என்றால் அன்று உம்லாங்காவிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் வா.

அன்புடன்,
அப்பா