கறுப்புப் பாயை மேடையிலிருந்து இறக்கவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட ஒரு தந்தையின் கடிதத்துக்கு இது பதில். ஆண்டு 4 இல் படிக்கும் அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் கிரேக்க நாட்டு மாட்டுத்தலை மனிதனின் கதையைப் பாட்டும் ஆட்டமுமாகப் பழகுகிறாளாம். வீட்டுக்கு வந்தால் கணக்குக் கொப்பியைத் தொடுவதில்லையாம். கிராமர் பள்ளியில் (தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளி) சேரும் தேர்வுக்கு இப்போதே ஆயத்தப்படுத்த வேண்டிய நேரத்தில் இதெல்லாம் எதற்கு, அதுவும் தகப்பன் கடலில் பாய்ந்து சாகும் கதையைச் சின்னஞ்சிறுசுகளுக்கு ஏன் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தார்.

நான் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. ஹரோவில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். பேரன் படிக்கும் பள்ளியிலும் இந்தக் கோடையில் மேடையேறுவது அதே தீசியஸ் கதைதான். உடுப்புத் தைத்துக் கொடுக்கப் போகும் சாட்டில் ஒத்திகைகளையும் பார்த்து வருகிறேன். பெற்றோர் சிலர் இதே தந்தையைப் போல முறைப்பாடு செய்ததில் எங்கள் பள்ளியில் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டார்கள். மாட்டுத்தலை மனிதனான மினோட்டாரைத் தீசியஸ் கொன்றதும் எல்லோரும் கைதட்டி ஒரு கொண்டாட்டப் பாட்டுப் பாட, திரை விழுகிறது. வெட்டுப்பட்ட காட்சியில் கப்பலின் கறுப்புப் பாயைத் தூக்கிப் பிடிக்கும் வேலை என் பேரனுடையது. அதனால்தான் அம்மம்மாவுக்குக் கோபம் என்று யாரும் நினைத்தால், கொஞ்சம் அதுவும் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன்.

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2014 இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்திலேயே 7 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்குப் பண்டைய கிரேக்கம் வரலாற்றுப் பாடமாக இருக்கிறது. நாடகம் அந்தப் பாடத்தின் ஒரு பகுதி. இரண்டு மாதம் பாடிய பிள்ளைக்குக் கணக்கு மறந்துபோகும் என்றால் குறை கணக்குப் படிப்பித்த விதத்தில்தான் இருக்கவேண்டும்.

இனிக் கதைக்கு வருவோம். கிரீட் அரசன் மினோஸின் மகன் ஏதென்சில் இறந்துபோக, அதற்கு ஈடாக 9 ஆண்டுக்கு ஒருமுறை 7 பையன்களையும் 7 பெண்பிள்ளைகளையும் ஏதென்ஸ்காரர் கப்பலேற்றி அனுப்பவேண்டும். அவர்களைச் சுற்றுவழி மாளிகைக்குள் விடுவார்கள். உள்ளே மினோட்டார். மூன்றாம் முறை ஏதென்ஸ் அரசன் ஈஜியஸின் மகன் தீசியஸ் தானே போகிறேன் என்று புறப்படுகிறான். போகும் கப்பலுக்குக் கறுப்புப் பாய். உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் கட்டிவா என்று தகப்பன் சொல்லி அனுப்புகிறான். மினோஸின் மகள் அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்து மகன் தப்பித்துவிடுகிறான். ஆனால் வந்துசேரும் மகிழ்ச்சியில் பாயை மாற்ற மறந்துவிடுகிறான். கரையில் நின்ற கிழவன் கண்டது கறுப்பு.

இந்த மறதி இல்லாவிட்டால் இது ஒரு மாட்டைக் கொன்ற கதை. அவ்வளவுதான். ஒத்திகை முடிந்து வரும் வழியில் என் பேரன் கேட்ட கேள்வியும் மாட்டைப் பற்றியதல்ல. "அம்மம்மா, கப்பலிலே அவ்வளவு பேர் இருந்தவை. ஒருத்தருக்குமா ஞாபகம் வரேல்லை?" என்றான். 9 வயதுப் பிள்ளை வாய்விட்டுக் கேட்கும் கேள்வியை, அந்தக் கதையைத் தாங்கமாட்டான் என்று நாம் வெட்டிவிடுகிறோம்.

ஏதென்ஸ்காரர் இதை வெட்டவில்லை. தீசியஸின் வரலாற்றை எழுதிய பண்டைய கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் ஒரு செய்தி சொல்கிறார். கரை சேர்ந்ததும் தீசியஸ் ஒரு தூதனை ஊருக்குள் அனுப்புகிறான். அவன் போய்ப் பார்த்தால் பாதிச் சனம் அரசன் இறந்த துக்கத்தில், மீதிச் சனம் பிள்ளைகள் மீண்ட மகிழ்ச்சியில். மாலை போட வந்தவர்களிடம் அந்த மாலையைத் தன் கழுத்தில் வாங்காமல் கைக்கோலில் சுற்றிக்கொண்டு திரும்புகிறான். பிற்காலத்தில் அதன் நினைவாக எடுத்த விழாவில் இரண்டு விதமாகக் கூவுவார்களாம், ஒன்று வெற்றிக்கு, மற்றது கலக்கத்துக்கு. தூதனுக்கு மாலை கிடையாது, கோலுக்குத்தான். ஆண்டுதோறும் இரண்டையும் சேர்த்தே கொண்டாடியிருக்கிறார்கள். பாயின் நிறத்தில் வேண்டுமானால் அவர்களுக்குள் பேதம் இருந்தது. மாற்றிக் கட்டக் கொடுத்தது வெள்ளையல்ல, சிவப்பு என்று சிமோனிடீஸ் என்ற கவிஞர் பாடியதாகவும் ப்ளூட்டார்க் குறித்திருக்கிறார். நிறத்தை மாற்றிய ஆள் உண்டு, பாயையே எடுத்துப்போட்ட ஆள் இல்லை.

பாட்டும் ஆட்டமும் இந்தக் கதைக்கு இன்றைய பள்ளிக்கூடம் ஒட்டவைத்த சோடனை என்று எண்ணுபவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கிரீட்டிலிருந்து மீளும் வழியில் டீலோஸ் தீவில் இறங்கிய தீசியஸும் அந்தப் பிள்ளைகளும், மாளிகையின் வளைவு திரும்பல்களை அப்படியே காட்டி ஒரு நடனம் ஆடினார்கள், அதற்குக் கொக்கு ஆட்டம் என்று பெயர் என்பதும் ப்ளூட்டார்க்கில் இருக்கிறது. டயனைசஸ் என்ற தெய்வத்துக்கு ஏதென்ஸ் எடுத்த விழாவிலோ ஊரின் 10 குலங்களும் குலத்துக்கு 50 சிறுவராகப் பாடகர் குழு இறக்கின. 500 பையன்கள்! அந்த வீட்டுக்காரர்களும் கணக்குக் கெட்டுப்போகும் என்று முறைப்பட்டிருப்பார்கள் போலும்.

எங்களுக்கும் இது புதிதா? நான் பிறந்தது வல்வெட்டித்துறை. 1938 இல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் எங்கள் ஊர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கரையில் நின்று பாய் தெரிகிறதா என்று பார்த்திருப்பது என்னவென்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. சின்ன வயதில் அம்மன் கோயில் வீதியில் காத்தவராயன் கூத்துப் பார்க்கப் பாயும் தலையணையுமாகப் போவோம். சின்னக் காத்தானாக ஆடுவது எங்களோடு படிக்கிற பையனாக இருக்கும். விடியப்புறம் காத்தான் கழுமரம் ஏறும் கட்டத்துக்கு, நித்திரையாய்க் கிடந்த எங்களைப் பெரியவர்கள் தட்டி எழுப்பிவிடுவார்கள். கண்ணை மூடு என்று ஒருவரும் சொன்னதில்லை.

அந்தத் தந்தையின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஒருவர் தன் உயிரை மாய்ப்பதை மேடையில் காட்டவேண்டாம். எங்கள் பள்ளியிலும் அதைக் காட்டவில்லை. முதல் ஒத்திகையில் நான் பார்த்தது இதுதான்: பின்னால் இரண்டு பிள்ளைகள் கறுப்புத் துணியை மெல்லத் தூக்குகிறார்கள். ஈஜியஸாக வந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு முடியைக் கழற்றி வாங்கின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். மிச்சத்தைப் பாடகர் குழு பாடுகிறது. இதில் வெட்ட என்ன இருக்கிறது?

வெட்டுப்பட்டது அந்தப் பாட்டும்தான். சங்கீத ஆசிரியையாக எனக்கு அதில்தான் கூடுதல் வருத்தம். இப்படியான பள்ளி நாடகங்களுக்கு வசனம், பாட்டு, பின்னணி இசை எல்லாம் ஒரே பொதியாக விற்பனைக்கு வருகின்றன. பொத்தானை அழுத்தினால் இசை ஓடும், பிள்ளை அதன் பின்னால் ஓடவேண்டும். பெரியவர்களின் சுருதியில் போட்ட பாட்டுகளும் அதில் இருக்கின்றன. ஐந்து, ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் வடிவாகப் பாடக்கூடிய குரல்களைக் கீழே இழுத்துக் கரகரக்க விடுகிறார்கள். பாய்ப் பாட்டு ஒன்றை மட்டும் இசையாசிரியை தானே பியானோவில் வாசித்தார். மூன்றாவது அடியில் தனிக்குரல் எடுத்த பையன் சொல்லை மறந்து நின்றான். அவர் அதே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்திருந்தார். சொல் வந்ததும் இருவரும் சேர்ந்து போனார்கள். பதிவுசெய்த இசை எந்தப் பிள்ளைக்காகவும் அப்படி நிற்காது. முழு நாடகத்திலும் பிள்ளைகள் உண்மையாகப் பாடிய பாட்டு அது ஒன்றுதான் என்பேன்.

மற்றபடி எங்கள் பள்ளிக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். உடுப்புக்கு வெள்ளைத் துணி கேட்டார்கள். பேரனின் தாத்தாவுடைய பழைய கரை வேட்டி ஒன்றை வெட்டி, தோளில் முடிச்சுப் போட்டு அனுப்பினேன். கிரேக்கக் கலசங்களில் வரைந்திருக்கும் உடுப்புகளிலும் கரை உண்டு, ஆகவே கரையை வெட்டவில்லை. அடுத்த வாரம் இன்னும் நாலு வேட்டி கிடைக்குமா என்று ஆசிரியை கேட்டு அனுப்பினார். சுற்றுவழி மாளிகைக்கு உடற்பயிற்சி வாங்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள், அது சரிவரவில்லை. பின்னல் கோலாட்டத்தைச் சொன்னேன். 14 பிள்ளைகள், மேலிருந்து 14 கயிறு, ஆடி ஆடிப் பின்னினால் மாளிகை, திருப்பி ஆடி அவிழ்த்தால் வெளியே வரும் வழி. இப்போது அதைத்தான் பழக்குகிறோம். ஒரு பிள்ளை தவறான பக்கம் திரும்பினால் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள். கதைக்கு அதுவும் பொருத்தம்தான்.

பிள்ளைகளைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போகச் சொல்வேன், நுழைவுக் கட்டணம் இல்லை. கி.மு. 440–430 அளவில் செய்த ஒரு கோப்பை அங்கே இருக்கிறது. நடுவில் தீசியஸ் செத்த மினோட்டாரை வாசலுக்கு வெளியே இழுக்கிறான், சுற்றிவர அவன் செய்த மற்றத் தீரங்கள். பேரன் அதில் கப்பலைத் தேடினான், கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் அடுத்த புதன்கிழமை பெற்றோர் கூட்டம். கடைசிக் காட்சியைத் திரும்பச் சேர்ப்பதா என்று அன்று முடிவெடுக்கப்போகிறார்கள். தமிழ்ப் பெற்றோர் நிறையப்பேர் உங்கள் பத்திரிகையைப் பார்ப்பதால், அதற்கு முன் இதை வெளியிட்டால் உதவியாக இருக்கும். கூட்டத்துக்கு வாருங்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். சென்ற வாரம் எழுதிய தந்தை இந்தப் பக்கம் இருப்பவரானால், கோலாட்டக் கயிறுகளை மேலே கட்டுவதற்கு உயரமான ஆள் ஒருவர் தேவை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
ஹரோ, இலண்டன்